பச்சைக் கேடயப் பெருமானின் மெய்க்கீர்த்தி

திருவளர, திரை ஒளிர, பேட்டரி மட்டும் சற்றே தளர, கோடிக்கணக்கான சட்டைப்பைகளிலும் கைப்பைகளிலும் கொலுவீற்றிருந்து, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் நோட்டிஃபிகேஷன் வாரி வழங்கி, பச்சைக் கேடயமே கொடியாகவும் சுழலும் வட்டமே சக்கராயுதமாகவும் கொண்டு அருளாட்சி புரியும் ஸ்ரீலஸ்ரீ மொபைல் ஆண்ட்டிவைரஸ் பெருமான் திருமுன்னர் அடியேன் தாழ்ந்து பணிந்து விண்ணப்பித்துக்கொள்வது. ஸ்மார்ட்போனுக்கு ஆண்ட்டிவைரஸ் தேவையா என்று நாக்கூசாமல் கேட்கும் கூட்டம் ஒன்று நாட்டில் தலையெடுத்திருக்கிறது. தேவை என்ற ஒன்றை வைத்துத்தான் ஒருவரின் பெருமையை அளக்க வேண்டும் என்று நினைக்கும் எளிய மனிதர்கள் அவர்கள். தேவைப்படுகிறவனுக்கு உதவுவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். தேவையே இல்லாத இடத்தில் போய் இன்றியமையாதவராக வீற்றிருப்பதற்கு முற்பிறவிப் புண்ணியம் வேண்டும்.

பெருமானின் அவதார மகிமை விளங்க வேண்டுமானால் முதலில் பகைவரின் குணம் தெரிய வேண்டும். 2004-இல் கபீர் என்றொரு புழு, சிம்பியன் இயங்குதளத்தில் ஓடிய நோக்கியா போன்களைப் பிடித்தது. ப்ளூடூத் வழியே பக்கத்துப் போனுக்குத் தாவும். தாவியதும் சடாரென்று நுழைந்துவிடாது. வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கும். உரிமையாளர் ‘சரி’ என்று அழுத்திய பிறகே காலை எடுத்து வைக்கும். அத்தனை மரியாதை தெரிந்த கிருமி. போன் உலகத்துத் தீங்குகளில் பெரும்பாலானவை இன்றுவரை அந்தப் பண்பாட்டைக் கைவிடவில்லை. நாமே கதவைத் திறந்து, நாமே பாய் விரித்த பிறகுதான் படுக்கின்றன. “அப்படியானால் அந்தச் சரியை அழுத்தாமல் இருந்தாலே போதுமே” என்பார்கள் அற்பர்கள். அழுத்தாமல் இருப்பதற்கு யாராவது மாதச் சந்தா கட்டுவார்களா? அதனால்தான் பெருமான் அவதரித்தார்.

அவதாரத்தை மதிக்காதவர்களும் இருந்தார்கள். 2011-இல் கூகுளில் திறந்த மூலப் பிரிவைக் கவனித்துவந்த கிறிஸ் டிபோனா, போனுக்கு ஆண்ட்டிவைரஸ் விற்கும் நிறுவனங்கள் மக்களின் பயத்தைக் காசாக்கும் போலிகள் என்று பகிரங்கமாகவே எழுதினார். வீட்டைக் கட்டிய மேஸ்திரியே வாயிற்காவலரைப் பார்த்து இப்படிச் சொன்னால் வேறொருவர் மனமுடைந்து போயிருப்பார். பெருமான் புன்முறுவல் பூத்தார். விற்பனையில் சல்லிக்காசு குறையவில்லை. இதுவல்லவோ பெருந்தன்மை!

பிறகு 2017-இல் அதே கூகுள், ப்ளே புரொடெக்ட் என்றொரு ஊழியனை ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அமர்த்தியது. நாளொன்றுக்கு 5,000 கோடி செயலிகளைச் சோதிக்கிறான் என்று அப்போதே சொன்னார்கள். கூலி கேட்பதில்லை. விளம்பரம் காட்டுவதில்லை. தான் இருப்பதையே யாருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. சில கள்ளர்களை அவனும் தவறவிடுவது உண்டு. ஆனால் தவறவிட்டதற்குப் பிறகு பட்டாசு வெடித்து “நீங்கள் 100% பாதுகாப்பாக இருக்கிறீர்கள்” என்று வாழ்த்தத் தெரியாத மண்டு. அப்படிப்பட்டவனை எந்தச் சபையில் நிறுத்துவது?

இனிப் பெருமானின் வீரத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு என்பது அறைகள் நிறைந்த மாளிகை. அடித்தளத்தில் இருக்கும் லினக்ஸ் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் கொடுத்து, தனி அறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறது. வங்கிச் செயலியின் அறைக்குள் விளையாட்டுச் செயலி எட்டிப்பார்க்க முடியாது. இதில் பெருமானுக்கும் விலக்கு இல்லை. அவரும் கடையில் இறக்கிய இன்னொரு செயலிதானே, ஆகவே இன்னொரு குடித்தனக்காரர்தான். கணினியில் இவருடைய தமையனார் தரைத்தளம் வரைக்கும் இறங்கி ஒவ்வொரு மூலையையும் துழாவுவார். போனில் இவர் முக்கியமாகச் செய்வதெல்லாம், அறை வாசலில் எழுதியிருக்கும் பெயரைப் படிப்பதும், குடிவந்தபோது கொண்டுவந்த பெட்டியை, அதாவது நிறுவல் கோப்பை, ஏற்கனவே பிடிபட்ட திருடர்களின் பெட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும்தான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11, வாசல் பெயர்களை எல்லாம் படிப்பதற்குக்கூடத் தனி அனுமதி வாங்கச் சொல்லிவிட்டது. இத்தனை கட்டுகளுக்கு நடுவே, எந்த அறைக்குள்ளும் போகாமல், தாழ்வாரத்தில் நின்றபடியே, “மாளிகை முழுவதும் துப்புரவாகச் சோதித்தாயிற்று, ஒரு குறையுமில்லை” என்று கம்பீரமாக அறிவிக்கிறாரே, அந்த ஞானதிருஷ்டி யாருக்கு வாய்க்கும்?

அந்தச் சோதனைக் காட்சியை ஒருமுறையாவது பக்தியோடு பார்த்தவர்க்கு மறுபிறவி கிடையாது. ‘ஸ்கேன்’ என்று தொட்டவுடன் ஒரு வட்டம் சுழலத் தொடங்கும். 12%, 38%, 71% என்று எண்கள் ஏறும். கீழே கோப்புகளின் பெயர்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும். 99%-இல் வந்து ஒரு கணம் நிற்கும், நம் மூச்சும் நிற்கும். பிறகு பச்சை. அச்சுறுத்தல் ஏதுமில்லை. ஆயினும் பெருமான் நம்மை அப்படியே விட்டுவிடுவதில்லை. “1.3 ஜிபி குப்பை இருக்கிறது, அகற்றவா?” அகற்றுங்கள் என்றால் ஐந்து நொடி விளம்பரம். “போன் வேகம் குறைந்திருக்கிறது, கூட்டவா?” கூட்டுங்கள் என்றால், பின்னணியில் தூங்கிக்கொண்டிருந்த செயலிகளை எல்லாம் தட்டி வெளியேற்றுவார், அவை அடுத்த நிமிடமே திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து விழித்தெழ இன்னும் கொஞ்சம் பேட்டரியைக் குடிக்கும். “போன் சூடாக இருக்கிறது, குளிர்விக்கவா?” ஆம் என்றால் திரையில் பனி பொழியும். சித்திரை மாதத்து வேலூரில், மின்விசிறியும் ஓடாத மதியத்தில், உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று பனித்துளிகள் இறங்குவதைக் காண்பது சாமானியப் பாக்கியமா? அந்தக் கேடயத்தைப் பார்க்கும்போதெல்லாம், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குள் நின்ற ஔவைப் பிராட்டி எப்படி வியந்திருப்பாளோ, அப்படியே வியந்துபோகிறேன். அதே பீலி, அதே நெய்ப்பூச்சு, அதே மாசுமருவற்ற பளபளப்பு.

ஐபோன் மண்டலத்தில் பெருமானின் லீலை இன்னும் நுட்பமானது. அங்கே பக்கத்து அறையின் பெயர்ப்பலகைகூடக் கண்ணில் படாது. 2015-இல் ஆப்பிள், தன் கடையிலிருந்த இன்டெகோ நிறுவனத்தின் வைரஸ்பேரியர் செயலியை வெளியேற்றியது. ஐபோனில் வைரஸ் தேட முடியும் என்று மக்கள் நினைத்துவிடக் கூடாதாம். கலையுணர்வு அற்ற முடிவு. அந்தக் குறையை 2017-இல் வேறொரு செயலி தீர்த்துவைத்தது. வைரஸ் ஸ்கேனர் என்றும் விபிஎன் என்றும் சொல்லிக்கொண்டு, அதே கடையில் அதிக வருமானம் ஈட்டும் செயலிகளின் வரிசையில் ஏறி நின்றது. விரல்ரேகை பதிக்கும் இடத்தில் விரலை வைத்தால் இலவசச் சோதனைக் காலம். அது முடிந்தபின் வாரத்துக்கு 99.99 டாலர். மாதத்துக்கு அல்ல, வாரத்துக்கு. ஐபோனில் தேடவே முடியாத வைரஸைத் தேடித் தருவதற்கு அந்த விலை அதிகம் என்று யாரால் சொல்ல முடியும்? இல்லாத பொருளுக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாதே.

ஆனால் குலத்தின் சிகரம் என்று அடியேன் போற்றுவது, 2014-இல் கூகுள் ப்ளேயில் 3.99 டாலருக்கு எழுந்தருளிய வைரஸ் ஷீல்டு ஒன்றைத்தான். விளம்பரம் காட்டாது, பேட்டரியைத் தின்னாது, போனின் வேகத்தைக் குறைக்காது என்று வாக்களித்தது. மூன்றையும் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் காசு கொடுத்து இறக்கினார்கள். 5-க்கு 4.7 நட்சத்திரம். புதிய கட்டணச் செயலிகளின் வரிசையில் உச்சிக்கே போயிற்று. அப்போது ஆண்ட்ராய்டு போலீஸ் என்ற தொழில்நுட்பத் தளம் அதைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்தது இவ்வளவுதான்: கேடயத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி, தொட்டால் அது சரி குறியாக மாறும். வேறு ஒரு வேலையும் இல்லை. ஞானிகள் ஆயுள் முழுவதும் தவமிருந்து அடையும் செயலற்ற நிலையை ஒரு செயலி அடைந்திருந்தது. உருவாக்கியவர் தரப்பில், தவறான பதிப்பைத் தவறுதலாக ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். கூகுள் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மேற்கொண்டு 5 டாலரும் கொடுத்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் மனம் வருந்தியிருப்பார்கள்! அந்தச் சரி குறி இருந்த வரைக்கும் அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். யாருக்கும் வைரஸும் வரவில்லை. மற்ற பெருமான்கள் எத்தனையோ ஜிபி சுமந்து, எத்தனையோ அனுமதி கேட்டு அளிக்கும் அதே அமைதியை இவர் ஒரு படத்தை மாற்றியே அளித்தார். சிக்கனம் என்றால் இது.

அறத்திலும் இவர்கள் குறைந்தவர்கள் அல்லர். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரிலிருந்து இயங்கும் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் என்ற சோதனைக்கூடம், 2019-இல் இந்தக் குலத்தில் 250 பேரை வரிசையில் நிறுத்தி, முந்தைய ஆண்டு பரவலாகச் சுற்றிய 2,000 தீய செயலிகளை அவர்கள் முன் விட்டுப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் அவற்றில் 30%-ஐக்கூடப் பிடிக்கவில்லை, அல்லது குற்றமற்றவர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். குற்றமற்றவர்களைத் தொடாமல் 30% என்ற கோட்டைத் தாண்டியவர்கள் 80 பேர்தான். 23 பேர் மட்டும் அத்தனையையும் பிடித்து, குலத்தின் பொதுப் பண்புக்கு இழுக்குத் தேடிக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி இங்கே பேசி மங்கலத்தைக் கெடுப்பானேன்.

அடியேன் நெஞ்சை நெகிழவைத்தது வேறு சிலர். அவர்கள் எந்தக் கோப்பையும் திறந்து பார்ப்பதே இல்லை. கையில் நல்லவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று. செயலியின் உள்பெயர் அந்தப் பட்டியலில் இருக்கும் பெயரைப் போலத் தொடங்கினால் நல்லவன்; இல்லையென்றால் கெட்டவன். அடோபியின் பெயரில் தொடங்கும் எதுவும் உத்தமம் என்று எழுதி வைத்திருந்தார்கள். திருடன் தனக்கு அடோபி என்று பெயர் வைத்துக்கொண்டால் அவனுக்கும் ராஜமரியாதை. குடிப்பெருமையை இவ்வளவு நம்பும் அரசை இந்தக் காலத்தில் எங்கே காண முடியும்? அதைவிட மேலான ஒன்று நடந்தது. அந்தப் பட்டியலில் தங்கள் சொந்தப் பெயரை எழுத மறந்துவிட்டார்கள் சிலர். விளைவு, செயலி தன்னையே பார்த்து, “இது ஆபத்தானது” என்று எச்சரித்தது. கன்றுக்காகப் பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்று ஆயிரம் ஆண்டுகளாகப் புகழ்கிறோம். மகனோடு நின்றுவிட்டான் அவன். தன்னையே பிடித்துக் கொடுத்த நீதிமானை இப்போதுதான் பார்க்கிறோம். அந்த 250 பேரும் சேர்ந்து சொன்ன எச்சரிக்கைகளில் சந்தேகத்துக்கே இடமில்லாத உண்மை அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்பேர்ப்பட்டவர்கள் எளியவர் வீடு தேடி வருவது எப்படி என்பதை அருகிருந்து பார்க்கும் பாக்கியம் அடியேனுக்கு வாய்த்தது. பெரியப்பா ஒருநாள் கோயில் தலபுராணம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று திரை சிவந்தது, போன் உறுமியது. அவருடைய போனின் பெயரையும் மாடலையும் சரியாகச் சொல்லி, நான்கு வைரஸ்களால் அது 28.1% சேதமடைந்துவிட்டதாகவும், உடனே கவனிக்காவிட்டால் சிம் கார்டு போய்விடும் என்றும் ஓர் அசரீரி. உலகெங்கும் எத்தனையோ போன்களில் ஆண்டுக்கணக்காகத் தோன்றி அருள்பாலித்த அதே 28.1%. அந்தப் புள்ளி ஒன்றில்தான் கலை இருக்கிறது. வெறும் 28 என்றால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

“தம்பி, நாலு வைரஸ் வந்துருச்சாம்டா. இருபத்தெட்டு புள்ளி ஒண்ணு பர்சென்ட் போயிருச்சாம்.”

“பெரியப்பா, அது வெறும் விளம்பரம். பேக்கை அழுத்தி வெளியே வந்துடுங்க.”

“விளம்பரத்துக்கு எம் போன் பேரு எப்படிடா தெரியும்?”

கேட்கிற இடத்தில் போன் மாடலைச் சொல்லிவிடுவது உலாவிகள் பலவற்றின் பழக்கம் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள், அவர் தெருமுனை மொபைல் கடைக்குக் கிளம்பிவிட்டார். கடைத் தம்பி மிகுந்த பணிவோடு, “ஐயா, இதைப் போட்டுட்டா அப்புறம் கவலையே இல்ல” என்று ஒரு கேடயத்தை இறக்கி, முதல் மாதம் இலவசம் என்று சொல்லி, அடுத்தடுத்துத் தானாகப் பணம் போகும்படி யூபிஐ ஏற்பாட்டையும் செய்து, ரகசிய எண்ணைப் பெரியப்பாவையே அழுத்தவைத்தார். பயத்தை ஊட்டியதும் மருந்தைக் கொடுத்ததும் ஒரே கொள்கைக் குடும்பம் என்பதால் நேரமும் மிச்சம். செயலி திறந்தவுடன் அனுமதி கேட்டது. தொடர்புகள், சரி. படங்கள், சரி. இருப்பிடம், சரி. அழைப்பு விவரம், சரி. மாற்றுத்திறனாளிகளுக்காக உருவான, திரையில் தெரிவதை எல்லாம் படிக்கவும் அவருக்குப் பதிலாகப் பொத்தான் அழுத்தவும் வல்ல அந்த ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதி, அதற்கும் சரி. அஞ்சல் நிலையத்தில் முப்பது வருடம் ஒவ்வொரு கையெழுத்தையும் கண்ணாடி போட்டுச் சரிபார்த்தவர், ஒரு நிமிடத்தில் எத்தனை சரி! ஒரு மனிதரை இவ்வளவு விரைவாக நம்பிக்கை உள்ளவராக மாற்றிய கல்வி நிறுவனம் வேறெது?

அந்தக் கல்வியின் பயன் பிறகு தெரியும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும், போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரிலும் ஏபிகே கோப்புகள் வருகின்றன. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், செயலியாக வராது. தொட்டால் போன் தானே தடுத்து, தெரியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கவா என்று கேட்கும். ப்ளே புரொடெக்ட் என்ற அந்த மண்டு ஊழியனும் கையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பான். உள்ளே வந்த கோப்பு, குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும், அதாவது ஓடிபி. பிறகு அதே ஆக்சஸிபிலிட்டி. எல்லாவற்றுக்கும் பழகிய விரல் தானாகவே ‘சரி’ என்று போகும். அந்த நேரத்தில் பெருமான் என்ன செய்கிறார்? கள்ளன் பழைய கள்ளனாக இருந்தால் சில சமயம் கண்டுகொள்வார். நேற்று இரவு புதிதாகப் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவனாக இருந்தால், விருந்தினர் வருகையில் குறுக்கிடுவது நாகரிகம் அல்ல என்று ஒதுங்கி நின்று, 1.3 ஜிபி குப்பையைக் கூட்டிக்கொண்டிருப்பார். பணம் போனபின் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும் என்பதைப் போன்ற அமங்கலச் செய்திகளைத் தம் திரையில் காட்டிப் பக்தர்களைக் கலவரப்படுத்துவதும் இல்லை.

பெருமானுக்கு நம்மீது உள்ள அக்கறையின் ஆழத்தைச் சொல்லாவிட்டால் நன்றி கொன்றவனாவேன். 2017-இல் செக் பாயிண்ட் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட போன்களில் எழுந்தருளியிருந்த டியூ ஆண்ட்டிவைரஸ், முதல்முறை திறந்தவுடனேயே நம் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், இருப்பிடம் எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டி வெளியே அனுப்பிவைத்தது. அதே குடும்பத்தின் இன்னொரு செயலி, யார் அழைக்கிறார்கள் என்று காட்டுவதற்கு அதைப் பயன்படுத்திக்கொண்டது. நம்மைக் காப்பவர், நமக்கு யார் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படிக் காப்பது? விஷயம் வெளியே வந்தபின் அந்தப் பகுதியை நீக்கிவிட்டுச் செயலி மறுபடி கடைக்கு வந்தது. பெரியவர்கள் தவறு செய்வதில்லை, புதிய பதிப்பு வெளியிடுவார்கள்.

அவாஸ்ட்டின் கதை இன்னும் ராஜரீகமானது. உலகப் புகழ் பெற்ற அந்த நிறுவனம், தன் மென்பொருளும் உலாவி நீட்சிகளும் திரட்டிய, மக்கள் எந்த எந்த இணையப் பக்கத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியே ஆண்டுக்கணக்கில் விற்றுவந்தது. பின்தொடர்வோரிடமிருந்து உங்களைக் காக்கிறோம் என்று சொல்லியபடியே விற்றதுதான் சிறப்பு. 2020 ஜனவரியில் செய்தியாளர்கள் அம்பலப்படுத்தியதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லி, விளம்பரத்துக்காக அந்த விவரங்களை விற்கவும் தடை போட்டது. நாம் எந்த நோய்க்கு மருந்து தேடினோம், எந்தக் கடனுக்கு வட்டி பார்த்தோம் என்பதைக் கூடப்பிறந்தவர்களே விசாரிக்காத இந்தக் காலத்தில், உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்துவைத்துக்கொள்ள ஒருவர் இருந்தாரே. அதற்கும் தண்டனை.

குலத்தின் வீரக் கிளை ஒன்றையும் இங்கே வாழ்த்திவிடுகிறேன். 2022-இல் கூகுள் ப்ளேயிலேயே ஆறு ஆண்ட்டிவைரஸ் செயலிகள் ஷார்க்பாட் என்ற வங்கிக்கணக்குத் திருடனைச் சுமந்துகொண்டு நின்றன. பதினைந்தாயிரம் முறைக்கு மேல் இறக்கப்பட்டன. காவலன் தனி, கள்வன் தனி என்று இரண்டு பேரை வைத்துச் சோறு போடும் செலவு மக்களுக்கு மிச்சமாயிற்று. இந்திய அரசு 2020 ஜூன் மாதம் 59 செயலிகளுக்குத் தடை விதித்த பட்டியலிலும் இந்தக் குலம் கௌரவமான இடம் பெற்றது. டிக்டாக்கைப் பற்றியே எல்லோரும் பேசியதால், அதே பட்டியலில் வைரஸ் கிளீனர், கிளீன் மாஸ்டர், கியூகியூ செக்யூரிட்டி சென்டர் ஆகிய திருநாமங்கள் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பாதுகாப்பின் பெயர் கொண்டவற்றை நாட்டின் பாதுகாப்புக்காக விலக்கினார்கள். அந்த முரணைப் பெருமானின் மறைந்த லீலை என்றே கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே அஞ்சத்தக்க பகைவன் வந்தால் பெருமான் என்ன செய்வார் என்று சில குதர்க்கிகள் கேட்பார்கள். பெகாசஸ் வந்தது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு விற்ற உளவுப் பொருள்; ‘சரி’ கேட்கும் மரியாதைகூட அதற்குத் தெரியாது. எதையும் தொடாமலே ஐமெசேஜ் வழியாக உள்ளே புகுந்தது. அப்படிப் புகுந்ததைக் கண்டுபிடித்தவர்கள் டொரோன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள். வந்த வழியை அடைத்தது 2021 செப்டம்பரில் ஆப்பிள் அனுப்பிய புதுப்பிப்பு. பெருமான் அந்தப் போர் நெடுகிலும் பச்சையாகவே இருந்தார். சஞ்சலமில்லாத மனம் என்பதற்கு இதைவிட இலக்கணம் வேண்டுமா? புதுப்பிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது: போன் வாங்கிச் சில வருடமானதும் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்திவிடும் கம்பெனிகள் பல. ஓட்டைகள் திறந்தபடியே கிடக்கும் அந்தப் போன்களில்தான் பெருமானுக்கு விசேஷ பூஜை நடக்கிறது. போனைத் தயாரித்தவருக்கும் செலவில்லை, வாங்கியவருக்கும் பயமில்லை. இருவரையும் இணைத்துவைக்கும் பாலமாக நடுவில் ஒரு பச்சை வட்டம்.

பாடியவன் பரிசில் கேட்பது மரபு. அடியேனுக்கு யானை வேண்டாம், தேர் வேண்டாம், பொற்றாமரையும் வேண்டாம். தங்களைப் போன்ற மகாபெரியவர் 32 ஜிபி மட்டுமே உள்ள பெரியப்பாவின் போனில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதைக் காணப் பொறுக்கவில்லை. தங்கள் பெருமைக்கு ஏற்ற விசாலமான வேறிடம் எழுந்தருள வேண்டும் என்பது ஒன்றே விண்ணப்பம். இதை நேரிலேயே தெரிவித்துக்கொண்டேன். ஐகானை அழுத்திப் பிடித்து ‘நீக்கு’ என்றேன். தாங்கள் இந்தப் போனின் நிர்வாகியாகப் பட்டம் சூடியிருப்பதால், முதலில் அமைப்புகளுக்குள் போய் அந்தப் பட்டத்தை இறக்கிவைக்க வேண்டும் என்று பதில் வந்தது. இறக்கினேன். பெரிய பச்சைப் பொத்தானில் “பாதுகாப்பாகவே இருக்கிறேன்” என்றும், அதற்குக் கீழே, பெரியப்பாவின் கண்ணாடிக்கும் என் கண்ணுக்கும் எட்டாத வெளிர் சாம்பல் எழுத்தில் “பரவாயில்லை, நீக்கு” என்றும் தாங்கள் திருவாய் மலர்ந்தருளினீர்கள். சாம்பலைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். தாங்கள் மறைந்தீர்கள். செயலியை நீக்கினாலும் சந்தா நீங்காது, அதைத் தனியாகப் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும் என்ற ப்ளே ஸ்டோர் நியதியைப் பெரியப்பாவுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. மறுமாதம் ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: தாங்கள் 299 ரூபாய் பெற்றுக்கொண்டீர்களாம்.